இருமல் நீக்கிய பதிப்பு

ஓர் ஆங்கிலேய ராக் குழுவின் இசைத்தட்டுகளைக் கடையில் வாங்கிக் கேட்பவர்களை, எங்கள் ஊரில் அதன் ரசிகர்களாயிருந்த இருவர் மனிதராகவே மதித்ததில்லை. கச்சேரியின்போது கூட்டத்தில் எவனோ மேலங்கிக்குள் மறைத்துக் கொண்டுபோன கருவியில் பதிவானதே அவர்களுக்கு இசை. அத்தகைய ஒலிநாடாக்கள் அறுபதுக்கு மேல் ஒரு வங்கி அதிகாரியின் இரும்பு அலமாரியில் இருந்தன. அவர் வீடு ஊர்ப்புறத்தில், விஜயநகரில். எங்கள் ஊரின் பெயரையே தாங்கியிருந்த மாநிலம் பெயர் மாறிப் பத்தாண்டு ஆகியிருக்கும். அங்கே அப்போது வீடுகளைவிடக் காலி மனைகளே மிகுதி.

ஞாயிறு காலைகளில் அங்கே கூடியவர்கள் அதிகாரியும், தேவராஜ மொஹல்லாவில் கைக்கடிகாரம் பழுதுபார்த்த ஒரு தமிழரும். என்னை ஓரமாக உட்கார விட்டிருந்தார்கள். எவரிடமும் இல்லாத ஒன்றைக் கொண்டுவருபவனுக்கே அலமாரி திறக்கும் என்பது விதி. வடமொழியும் தமிழும் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த என்னிடம் கொண்டுவர என்ன இருந்தது? ஆயினும் முடிய மனமில்லாததுபோல் இருபது நிமிடம் நீளும் அந்தப் பாட்டுகள் என்னைப் பற்றிக்கொண்டுவிட்டன. அலமாரிக்காகவே அவ்விருவரையும் பொறுத்துக்கொண்டேன்.

பொறுப்பது எளிதன்று. பாட்டைப் பற்றி அவர்கள் பேசி நான் கேட்டதில்லை. மூலத்திலிருந்து இது எத்தனையாவது படி, இரைச்சல் எவ்வளவு, பதிவுசெய்தவன் எந்த வரிசையில் நின்றான் என்பவையே பேச்சு. கிதார்க்காரர் சுருதி சேர்ப்பதைக் கண்மூடிக் கேட்பார்கள். பாட்டு தொடங்கியதும் காப்பிக்கு எழுந்துவிடுவார்கள். இத்தகைய இரண்டு மூடர்களின் தயவில் என் இன்பம் இருந்தது.

யோகம் பயில வந்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர், ஊர் திரும்புமுன் இரண்டு நாளுக்கு ஒரு நாடாவை அதிகாரியிடம் இரவல் தந்தார். மழையில் நடந்த ஒரு திறந்தவெளிக் கச்சேரி. அன்று மாலையே அதை இருமுறை போட்டுக் கேட்டார்கள். ஆனால் அதிகாரியின் கருவியில் பதிவுசெய்யும் பகுதி கெட்டிருந்தது. எங்கள் வீட்டில் அத்திம்பேர் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த இரட்டை நாடாக் கருவி இருந்தது.

"ஒழுங்கா ஒரு காப்பி எடுத்துண்டு வா. அப்புறம் இந்த பீரோ உனக்கும் தொறக்கும்," என்றார் அதிகாரி.

ஒழுங்காகவே எடுத்தேன். பிழைபட்ட படியைச் செம்மைசெய்து தருவதே கற்றவன் கடமை என்று எனக்குப் பயிற்றுவித்திருந்தார்கள். நிறுத்தும் பொத்தானில் விரலை வைத்தபடி இருமல், சீழ்க்கை, கூச்சல், சுருதி சேர்க்கும் ஏழு நிமிடம், தார்ப்பாய் இழுபடும் ஓசை யாவற்றையும் களைந்தேன். கல் பொறுக்கிய அரிசிபோல் பாட்டு மட்டும் நின்றது. மூலத்தை வெள்ளைக்காரரிடம் நானே சேர்ப்பித்தேன். அவர் மறுநாள் ரயிலேறிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என் நாடா ஓடத் தொடங்கியதும் கடிகாரக்காரர் கையை உயர்த்தினார்.

"இருமல் எங்க, குரு?"

"எந்த இருமல்?"

"பாட்டுக்கு முன்னாடி ஒருத்தன் இருமுவானே. மூணு தடவை."

"எடுத்துட்டேன். இடைஞ்சலா இருந்தது."

அதிகாரி நாடாவை நிறுத்தினார். "அந்த ஏழு நிமிஷம்?"

"அதுல பாட்டே இல்லையே சார்."

"பாட்டு கடையிலயே கெடைக்குமேப்பா. பாட்டு வேணும்னா நாங்க எதுக்கு இங்க சும்னே உக்காந்திருக்கோம்?" பிறகு கடிகாரக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "படிச்சவன்கிட்ட குடுத்தது என் தப்பு."

எனக்குச் சினம் வந்தது. இருமலுக்காக இழவு காக்கும் இவர்களா என்னைப் பழிப்பது என்று எழுந்தேன். அதற்குள் அதிகாரி நோட்டுப் புத்தகத்தை எடுத்துவிட்டார். போனவற்றை நினைவிலிருந்து எழுதத் தொடங்கினார்கள்.

"மொதல்ல மழை. அப்புறம் இருமல், மூணு."

"ரெண்டுதான். மூணாவது தும்மல்."

"ஆமா, தும்மல். அப்புறம் யாரோ ஒருத்தி சிரிப்பா."

"தார்ப்பாய்க்கு அப்புறம்."

வெட்டியவன் நான், ஒவ்வொரு வெட்டின் இடமும் வரிசையும் எனக்கு மனப்பாடம். இருமுறை மட்டுமே கேட்ட அவர்கள் சொன்னதில் ஒன்றும் பிறழவில்லை. பல ஆண்டுகள் கற்ற எந்த நூலையும் நான் அவ்வாறு ஒப்பித்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது. அது என் வெறுப்பை மிகுவித்ததேயன்றிக் குறைக்கவில்லை.

சுருதி சேர்க்கையில் ஒரு தந்தி அறுந்ததை மட்டும் இருவரும் மறந்துவிட்டார்கள். வாசலருகே நின்றபடி அதைச் சொன்னேன். அதிகாரி என்னை நிமிர்ந்து பாராமல் எழுதிக்கொண்டார்.

அலமாரி திறக்கவில்லை.