ரெஜினாவின் கவுன்

ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்த பழைய ஸ்டுடியோ படங்களில் எங்கள் குடும்பப் படமும் இருந்தது. அம்மாவின் இடப்பக்கம் நான். வலப்பக்கம் நிற்பது என் தங்கை ரெஜினா அல்ல.

சண்டைக்காலம். நைனா பட்டாளத்தில் இருந்தார். ரெஜினா காய்ச்சலில் செத்துப்போனதை அம்மா அவருக்கு எழுதவில்லை. பக்கத்து வீட்டுப் பச்சையம்மாவுக்கு ரெஜினாவின் கவுனை மாட்டி, செஞ்சிக் கடைத்தெரு ஸ்டுடியோவுக்கு இழுத்துப் போனாள். கவுனில் அந்துருண்டை நெடி.

"ஆடாம நில்லுடி, நைனா பாக்கப் போறாரு."

திரும்பி வந்த நைனா, தெருவில் விளையாடிய பச்சையம்மாவைத்தான் முதலில் தூக்கினார்.

"ரெஜினா, எவ்ளோ வளந்துட்ட!"

அம்மா உள்ளே போய்விட்டாள். நான் ஏன் சிரித்தேன்?

"வலதுபக்கம் இருக்கறது யாரும்மா?" காப்பகப் பெண் பேனாவோடு காத்திருந்தாள்.

"ரெஜினா" என்றேன்.