கஞ்சி கிண்டும் முறை

சோமா என்ற ஊரில், மாவு மில்லுக்குப் பின்னால் இருக்கும் சர்ச் கூடத்தில், பள்ளி விட்டு வரும் சின்னப் பிள்ளைகளைப் பொழுது சாயும்வரை பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஊரே அவளை பினா லுயாண்டோ என்று கூப்பிட்டது. லுயாண்டோவின் அம்மா என்று பொருள். மகள் லுயாண்டோ மலேரியாவில் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் போகவில்லை. பிள்ளைகள் ஓயாமல் அதைச் சொல்லி அழைத்தார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள். முதலில் வலித்தது. பிறகு அதுவும் நின்றுபோனது.

கூடத்தில் கஞ்சி கிண்டுவதும் தட்டு கழுவுவதும் பெண்பிள்ளைகள். பந்து உதைப்பது ஆண்பிள்ளைகள். வாசிக்க உட்காரும்போது வேலைக் களைப்பில் பெண்பிள்ளைகள் தூங்கி வழிவார்கள். லிவிங்ஸ்டன் நகரில் நடந்த பயிற்சியில், எல்லா வேலையையும் எல்லாரும் முறைவைத்துச் செய்யட்டும் என்றார்கள். அவளுக்கு அதில் ஆசையும் இல்லை, மறுப்பும் இல்லை. ஊர் திரும்பியதும் அப்படியே செய்தாள்.

கஞ்சி கிண்டும் முதல் முறை ம்வீம்பா என்ற பையனுக்கு. கஞ்சி அடிப்பிடித்தது. முகம் சுளித்தபடி எல்லாரும் குடித்தார்கள். வெளியே சோல்வே என்ற சிறுமி பந்தை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் ம்வீம்பாவின் அப்பா ஹமூங்கா வந்தார்.

"பினா லுயாண்டோ, எம் மவன பொம்பளையாக்கவா அனுப்புறேன்? நாளைக்குப் பாவாடையும் கட்டி விடுவியா?"

"கஞ்சியத் தீச்சிட்டான். திரும்பவும் அவன் முறை வரும். அப்போ சரியா கிண்டுவான்."

"உனக்கு வெக்கமே இல்லையா?"

அவள் நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். "தெரியலங்க. நீங்க வேற ஏதாச்சும் சொல்லணுமா?"

சண்டைக்கு வந்தவருக்குச் சண்டை கிடைக்கவில்லை. மகனை இழுத்துக்கொண்டு போனார். இன்னும் சில அப்பாக்களும் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தினார்கள். பாஸ்டர் கூப்பிட்டு, "கொஞ்சம் விட்டுக்குடும்மா" என்றார். சரி என்று தலையாட்டினாள், முறையை மாற்றவில்லை.

அறுவடைக்கு முந்தின பசிக் காலத்தில் ம்வீம்பாவை அவன் அம்மா கூட்டிவந்தாள்.

"வீட்ல மத்தியானம் அடுப்பு எரியறதில்லக்கா. இங்கயே கிண்டிக் குடிக்கட்டும்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா கத்துவாரு. கத்திட்டுப் போறாரு."

ஒருநாள் சோல்வே தூங்கி வழியாமல் ஒரு கதையை முழுதாக வாசித்து முடித்தாள். "பினா லுயாண்டோ, கேட்டீங்களா?" என்று துள்ளினாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். பினா லுயாண்டோவும் தட்டினாள். நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. "கேட்டேன். அடுத்த கதைய எடு" என்றாள்.