மூன்றாம் படம்

ஏற்காட்டுப் பங்குக் கோயிலில் ஞாயிறு வாசகம் என்றால் சாந்தாமேரிதான். ஒரு எழுத்தை விழுங்க மாட்டார், ஒரு சொல்லைச் சேர்க்கவும் மாட்டார். சாமியாரே தடுமாறினால் முன்வரிசையிலிருந்து முறைப்பார். அப்படிப்பட்ட வாய்தான் ஜெயகுமாரிக்குக் கிடைத்தது.

ஜெயகுமாரிக்குச் சிறுவயதிலேயே அம்மை கண்டு கண் போய்விட்டது. ஒண்டிக்கடை முக்குக்கு மேலே அண்ணன் பாக்கியநாதன் வீட்டில் இருந்தாள். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரான அவருக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கில் குடகுக்கு மாற்றலாயிற்று. கண் தெரியாத நாத்தனாரைக் கூட்டிப்போக அண்ணிக்கு மனமில்லை. சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்குப் பார்வையில்லாதவரை எடுப்பதாக இருந்தார்கள். அது கிடைத்தால் சொந்தக் காலில் நிற்கலாம். இல்லையென்றால் எங்கோ ஓர் ஆதரவற்றோர் இல்லம்.

அந்த வேலைக்காகத் தபால் வழிப் பயிற்சியில் சேர்ந்தாள். பார்வையில்லாதவர்களுக்கான பயிற்சி என்று சொல்லி அச்சுப் புத்தகத்தை அனுப்பிய புண்ணியவான்களை என்ன சொல்ல? சாந்தாமேரிதான் அதைக் கேசட்டில் வாசித்துக் கொடுத்தார். ஜெயகுமாரி அதைத் தேயத் தேயக் கேட்டாள்.

"டெலிபோன் போர்டின் அமைப்பை மூன்றாம் படத்தில் காண்க" என்று கேசட் கணீரென்று சொல்லும். உடனே அடுத்த பாடத்துக்குப் போய்விடும்.

"ஏனுங்கக்கா, அந்தப் படத்துல என்னங்க இருக்குது?"

"எழுத்துல ஒண்ணும் போடல கண்ணு. எழுதாதத நானாச் சொன்னா தப்பாயிருமில்ல?"

காசு வாங்காமல் வாசிப்பவரிடம் எத்தனை தடவை கேட்பது? ஜெயகுமாரி வாயை மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் தேர்வன்று கேட்ட கேள்விக்கெல்லாம் மளமளவென்று பதில் சொன்னாள். பிறகு போர்டின் முன் உட்கார வைத்தார்கள். மணி அடித்தது. விரல்கள் துளைகளின் மேல் அலைந்தன. எது வெளி லைன், எது வார்டு என்று தெரியவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"போதும்மா" என்றார் அதிகாரி.

மலையேறும் பஸ்ஸில் ஜெயகுமாரி, துணைக்கு வந்த சாந்தாமேரியின் கையைப் பிடித்தாள். "இப்பவாவது சொல்லுங்கக்கா. அந்தப் படத்துல என்ன இருக்குது?"

சாந்தாமேரி பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பிரித்தார்.

"மேல் வரிசை பூரா வெளி லைன் கண்ணு. கீழ் வரிசை உள்ள இருக்கிற வார்டுக. ஒவ்வொரு ஓட்டைக்கு மேலயும் ஒரு சின்ன மூடி. போன் வந்தா அது விழுந்துரும். தொட்டாலே தெரியும்."

அடுத்த வளைவு வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

"அவ்வளவுதானுங்களாக்கா?"

சாந்தாமேரி புத்தகத்தை மூடினார். ஜெயகுமாரி ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். வீட்டில், இல்லத்துக்கு அனுப்ப அவளுடைய பெட்டியை அண்ணி ஏற்கெனவே கட்டி வைத்திருந்தாள்.