பெரியவரைப் பங்கு போட்டோம்

காவல்காரன் வேலை சுகமான வேலை என்று சொல்பவர்கள், காட்டுப்பன்றிக்கு எதிரே தகரம் தட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். தட்டிப் பார்த்த அன்பர்களே, உங்களுக்குத்தான் இது.

வரப்பில் காலடி

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில், ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் இருந்த எங்கள் எஸ்டேட்டில் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டார்கள். கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்து வரிசையில் இருபது வீட்டுக்கும் அந்தக் கிழங்குதான் சோறு. காவலுக்கு நான், அதற்காக வாரம் அரைப்படி அரிசி கூடுதல். ஒரு பன்றிகூடக் கிட்டே வரவில்லை. எல்லாம் என் தகரத்தின் மகிமை என்று பீற்றிக்கொண்டேன்.

காலையில் வரப்பு ஈரத்தில் என் கையைவிட அகலமாகக் காலடி கிடக்கும். உட்கார்ந்து அளந்து பார்ப்பேன். எங்கே போகிறது, எதைத் தின்கிறது என்று தெரிந்துகொள்ள அப்படியொரு ஆசை. "புலி வந்திருக்கு!" என்று கங்காணியிடம் ஓடினால், அவர் என் வாயைப் பொத்தினார்.

"பேரச் சொல்லாத லா. பெரியவர்னு சொல்லு. பேரச் சொன்னா, கூப்பிட்டதா நெனச்சு வந்துருவாரு."

ஒரே ஒரு நகம்

பெரியவர் போகிற வழி எனக்குத்தான் தெரியும் என்று பேச்சுப் பரவியது. பக்கத்து வீட்டுப் பாக்கியத்தின் கைக்குழந்தை தூக்கத்தில் பயந்து அலறும். புலிநகம் கட்டினால் சரியாகிவிடுமாம்.

"பெரியவர்கிட்ட கேட்டு ஒரே ஒரு நகம் வாங்கிக் குடுங்கண்ணே."

முழங்கால் வலி

ரிங்லெட் சாப்பாட்டுக்கடை பாய்க்கு முழங்கால் வலி. ஆஸ்பத்திரியில் தைலம்கூட இல்லாத காலம்; புலிக்கொழுப்பு தேய்த்தால் தீரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மருந்துக்கடைச் சீனருக்கு எலும்பு வேண்டும். ஜப்பான் அதிகாரிக்குத் தோல். எனக்கோ அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கும் என்று பார்க்க ஆசை. தடத்தைக் காட்டினேன், அவர்கள் கம்பிச் சுருக்கு வைத்தார்கள். தயங்கி நின்ற என்னைப் பாய்தான் தேற்றினார்.

"ஒண்ணு போனா என்ன தம்பி, காடு பூரா பெரியவருங்கதான்."

வயிற்றுக்குள்

மூன்றாம் நாள் மாட்டியது. ஈட்டியால் குத்தி முடித்தார்கள். ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொண்ட பிறகு நான் வயிற்றைக் கிழித்துப் பார்த்தேன். உள்ளே முழுக்கப் பன்றி மயிர். எனக்குச் சுருக்கென்றது.

அதன் பிறகு எங்கள் மலையில் அந்தக் காலடியே இல்லை. பதினைந்தே நாளில் பன்றிக்கூட்டம் வந்து தோட்டத்தை உழுதுபோட்டது. தகரம் நெளியத் தட்டினேன். ஒன்றும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மிச்சம் மீதி கிழங்கு பொறுக்க வந்த பாக்கியத்தின் இடுப்பில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. கழுத்தில் நகம். "இன்னுமா பயப்படுது?" என்று கேட்டேன்.

"பயமெல்லாம் போயிருச்சுண்ணே. இப்ப பசிக்குதுன்னுதான் அழுவுது."

பெரியவர் பார்த்த காவலுக்கு அத்தனை நாளும் அரிசி வாங்கித் தின்றவன் நான்.