நான்கு கொன்ரொட்டும் ஓர் ஆயுத பூசையும்

கப்பல்துறையில், கண்டி வீதியோரம் எங்கள் கராஜ். முன்னுக்குத் தம்பி, பின்னுக்கு நான். வருகிறவர்களோடு கதைப்பது, விலை சொல்வது, "ஓம் அண்ணை, செய்யலாம்" என்று தலையாட்டுவது எல்லாம் அவன். எஞ்சினைக் கழற்றி உள்ளுக்குள் கை வைப்பது நான். ஒரு பெண் எஞ்சின் பிரிக்கிறாள் என்று தெரிந்தால் சனம் வாகனத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும் என்று தொடக்கத்தில் அவன் சொன்னான். நானும் சரி என்றுவிட்டேன். அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வரும்.

நகரத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஒருவர் தன் பழைய ஜப்பான் காருக்கு டேர்போ பூட்டவேண்டும் என்று வந்தார். டேர்போ காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். அந்த அடியை வாங்குவது, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொன்ரொட் என்ற இரும்புத் தண்டு. அதற்கென்றே செய்த பலமான கொன்ரொட்டை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க அவருக்குக் கட்டாது. காரோடு வந்ததையே போடலாமா என்று நகரத்து மெக்கானிக்மாரிடம் கேட்டிருக்கிறார். அவர்கள் சிரித்தார்களாம்.

"கொம்பனிக் கொன்ரொட்டோட டேர்போவோ? ரெண்டு கிழமையில முறிஞ்சு, எஞ்சின் புளொக்கைக் குத்திக்கொண்டு ரோட்டில கிடக்கும்."

தம்பி வந்து இதைச் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொம்பனி இரும்பில் என்ன குறை? அதைத் தயார் செய்யப் பொறுமை இல்லாதவர்களின் கையில்தான் குறை. "அளவோட அமுக்கினால் தாங்கும் எண்டு போய்ச் சொல்லு" என்றேன்.

மூன்று கிழமை அந்த நான்கு கொன்ரொட்டோடும் மல்லுக்கட்டினேன். வெடிப்பு இருக்கிறதா என்று சிவப்புச் சாயம் பூசிப் பார்த்தேன். அச்சில் அடித்து உருவாக்கியபோது விழுந்த மேடு இரண்டு பக்கமும் ஓடும். வெடிப்பு தொடங்குகிற இடம் அதுதான். அதை நீளவாக்கில் மட்டுமே அராவவேண்டும். குறுக்கே ஒரு கீறல் விழுந்தாலும் பிற்பாடு அந்தக் கீறலிலேயே முறியும். பிறகு மினுக்கி, நான்கையும் ஒரே நிறைக்குக் கொண்டுவந்தேன். கொன்ரொட்டின் அடிவளையம் இரண்டு பாதி. கீழ்ப்பாதியை மூடி என்போம். மூடியைப் பூட்டி இறுக்கி, இரண்டையும் சேர்த்தே வட்டமாகக் குடைவதால், ஒன்றின் மூடி இன்னொன்றுக்கு ஆகாது. ஒருவருடைய பல்செட்டை மற்றவர் போட்டுக்கொள்ள முடியாதது மாதிரிதான்.

அந்த வேலைக்குள் நான் ஒரு பிழை விட்டேன். எது எதன் மூடி என்று கொம்பனி குத்தியிருந்த எண்களையும் சேர்த்து அராவிவிட்டேன். திரும்பக் குத்த மனம் வரவில்லை. அவ்வளவு பாடுபட்டு மினுக்கின இரும்பில் சுத்தியலால் அடிப்பதா? நாலு நிற நகப்பூச்சால் சோடி சோடியாகப் பொட்டு வைத்து விட்டுவிட்டேன். கர்வம், வேறென்ன.

ஆயுத பூசை வந்தது. அடுத்த நாள் எஞ்சின் பூட்டுவதைப் பார்க்க இரும்புக்கடைக்காரர் வருவதாக ஏற்பாடு. காலையில் குளித்துவிட்டுக் கராஜுக்குப் போனால், சரஸ்வதி படத்துக்கு முன்னால் வாழையிலையில் சாவிகள், சுத்தியல்கள், அவல், கடலை. நடுவில் என் நான்கு கொன்ரொட்டும் நான்கு மூடிகளும், எட்டுத் துண்டுக்கும் சந்தனமும் குங்குமமுமாகப் பளபளவென்று கிடந்தன. நகப்பூச்சைக் காணவில்லை.

"எல்லாத்தையும் தின்னர் போட்டுக் கழுவி வைச்சனான். சாமிக்கு முன்னால ஊத்தையோட வைக்கிறதோ?" என்றார் அம்மா பெருமையாக.

அம்மாவை என்ன சொல்ல? கொம்பனி எண்களை அழித்தது நான்தானே. தன் வினை தன்னைச் சுடும். சூடம் அணையும்வரை கைகட்டி நின்றுவிட்டு, எட்டையும் இலையிலிருந்து அள்ளினேன்.

"பூசைக்கு வைச்சதை இண்டைக்குத் தொடக்கூடாதடி!"

"அம்மா, இதுகளைப் பிழையாப் பூட்டினால்தான் சாமிக்குக் கோபம் வரும்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். நான் மேசையடியில் உட்கார்ந்து ஒவ்வொரு மூடியையும் ஒவ்வொரு கொன்ரொட்டோடும் பூட்டி, இறுக்கி, உள்வட்டத்தை அளந்தேன். பொருந்தாத மூடி போட்டால் வட்டம் நெளியும். மத்தியானத்துக்குள் இரண்டு சோடி பிடிபட்டுவிட்டது. மிச்ச இரண்டும் மாறிப் போட்டாலும் ஏறத்தாழ ஒரே அளவைத்தான் காட்டின. இதுதான் இதன் மூடி என்று என்னால் சத்தியம் பண்ண ஏலாது. சாதாரண எஞ்சினுக்கு அது காணும். டேர்போவுக்கு ஊகத்தில் பூட்ட நான் தயாராக இல்லை. மூடிகள் கொன்ரொட்டோடு சேரும் முகத்தைச் சீவி, நான்கும் ஒரே அளவில் இருக்க நான்கையும் புதிதாகக் குடையவேண்டும்.

தம்பி தலையில் கை வைத்தான். "பேசாமல் பூட்டுங்கோ அக்கா. ஆருக்குத் தெரியப்போகுது?"

"புளொக் உடைஞ்சால் கடற்கரை வரைக்கும் கேக்கும்."

"அப்ப சாமான் வரப் பிந்துது எண்டு சொல்லுவம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் அவன் கெட்டிக்காரன்.

அடுத்த நாள் இரும்புக்கடைக்காரர் வந்து கதிரையில் இருந்தார். தம்பி "சாமான்..." என்று தொடங்கமுன் நான் கையைத் துடைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தேன்.

"ஐயா, உங்கட கொன்ரொட்டைத் தயார் செய்தது நான். இஞ்ச வாற எஞ்சின் எல்லாம் நான்தான் பிரிக்கிறனான். மூடியில குத்தியிருந்த நம்பரை அராவிப்போட்டன், இப்ப ரெண்டு மூடி எது எதின்ர எண்டு தெரியேல்லை. பிழை என்னோட. திரும்பக் குடையவேணும்."

அவர் என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். தம்பி நிலத்தைப் பார்த்தான்.

"அப்ப இவ்வளவு நாளும் தம்பி சொன்னது?"

"நான் சொல்லிக் குடுத்ததைச் சொன்னவன்."

துணியில் சுற்றிய கொன்ரொட்டுகளை அவர் முன்னால் வைத்தேன். "நம்பிக்கை இல்லாட்டிக் கொண்டுபோங்கோ. டவுனில இண்டைக்கே பூட்டித் தருவினம். நான் பூட்டமாட்டன்."

அவர் துணியை விரித்து ஒன்றை எடுத்தார். இரும்போடு பிழைக்கிற மனிதர். வெளிச்சத்தில் பிடித்து, நான் அராவிய பக்கத்தைப் பெருவிரலால் மேலிருந்து கீழாகத் தடவினார். தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

"ஒரு கிழமை காணுமோ, பிள்ளை?" என்று என்னிடம் கேட்டார்.

"காணாது. பத்து நாள்" என்றேன்.