அவனைத் திரும்ப இறக்கினேன்

2009இல் என் இடது முழங்கால் தசைநார் இரண்டாம் முறையாகக் கிழிந்தது. பாரிசுக்கு அருகே சார்செல்லில் ஒரு சின்ன கிளப்பில், பதின்மூன்று பேர் ஆடும் ரக்பியைப் பன்னிரண்டு வருடம் ஆடியிருந்தேன். இனி ஆடக்கூடாது என்று டாக்டர் சொன்னதும், கிளப் என்னைப் பயிற்சியாளராக்கியது. சோற்றுக்கு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றினேன்.

அணியில் இன்னொரு தமிழன் இருந்தான். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் சமையல்காரன், என்னைவிட ஆறு வயது இளையவன். அவன் ஓடுவதைப் பார்த்து நான்தான் கிளப்புக்கு அழைத்துவந்தேன். ஞாயிறு ஆட்டத்துக்காக முதலாளியிடம் கெஞ்சி லீவு வாங்குவான்.

ஒரு மார்ச் மாத ஆட்டத்தில் எதிரணிக்காரனின் தோள் அவன் தலையில் இடித்தது. வெளியே கொண்டுவந்து தண்ணீர் கொடுத்தோம்.

"ஒண்டுமில்லையே?"

"ஓம் அண்ணை, ஒண்டுமில்லை. நாங்கள் எந்தப் பக்கம் ஓடுறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு புள்ளிதான் பின்தங்கியிருந்தோம். கையால் திசையைக் காட்டி, அவனைத் திரும்ப இறக்கினேன்.

அடுத்த மோதல் பலமானதுகூட இல்லை. விழுந்தவன் எழவில்லை. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பேச்சு திரும்பியது, சொற்களைத் தேடித் தேடி. மணம் அறியும் சக்தி மட்டும் திரும்பவேயில்லை. கறி கருகினாலும் தெரியாத சமையல்காரனை யார் வைத்திருப்பார்கள்? அவன் மனைவி ஒரு புடவைக் கடையில் வேலைக்குப் போனாள்.

அந்த சீசனோடு பயிற்சியை விட்டேன். இரண்டு வருடம் கழித்துப் பெண்கள் அணியைப் பயிற்றுவிக்க ஆளில்லை என்று கிளப்பில் கேட்டார்கள். மறுக்க நினைத்துத்தான் போனேன். திரும்பி வரும்போது பயிற்சியாளராக இருந்தேன். யார் தலையில் பட்டாலும் உடனே வெளியே எடுத்துவிடுவேன். ஓர் இறுதி ஆட்டத்தில் எங்கள் தலைவியை அப்படி எடுத்துத் தோற்றோம். கோழை என்று பிரெஞ்சில் கத்தினாள்.

அவன் வீட்டுக்கு மாதம் ஒருமுறையாவது போவேன். ஒருநாள் அவன் தூங்கிவிட்டான். கதவுவரை வந்த அவன் மனைவியிடம், அத்தனை வருடமும் சொல்லாததைச் சொன்னேன்: "அவன் திசை கேட்டவன். அடியிலை தலை குழம்பிட்டுது எண்டு எனக்கு விளங்கினது. விளங்கியும் இறக்கினனான்."

அவள் போய் அவன் தூங்கும் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"உங்களிலை கோவமில்லை எண்டு பொய் சொல்ல மாட்டன்," என்றாள். "ஆனா வராமல் மட்டும் விட்டிடாதேங்கோ அண்ணை. அவரைப் பாக்க வேறை ஒருத்தரும் வாறேல்லை."