அணைத்த விளக்கும் இரும்புக் கேட்டும்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வாசலில் ஓர் உயிர் போகப் பார்த்தது. இதைக் கையால்தான் எழுதி அனுப்புகிறேன். எழுத்துக் கோணலை டைப் அடிக்கிற தம்பி மன்னிக்கட்டும்.

காலை ஒன்பது மணி. தூறல் அப்போதுதான் விட்டிருந்தது. "யக்கோவ்... சங்கரா கீது, நவரை கீது!" என்று தனத்தின் குரல். காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுவருபவள். தலைக் கூடையை ஒரு கையால் பிடித்தபடி, மறு கையால் எங்கள் இரும்புக் கேட்டைத் தள்ளினாள்.

அடுத்த நொடி கூடை தரையில்.

தனம் மட்டும் விழவில்லை. கை கேட்டோடு ஒட்டிக்கொண்டது. வாய் திறந்திருக்கிறது... சத்தம் வரவில்லை.

ஓடினேன். பிடித்து இழுக்கத்தானே தோன்றும்? "தொடாதமே!" என்று என் வீட்டுக்காரர் கத்திய கத்தலில் அப்படியே நின்றேன். அவர் உள்ளே பாய்ந்து மெயினை இறக்கினார். தனம் சுவரோரம் சரிந்தாள். உள்ளங்கையில் கருப்பாக ஒரு கோடு.

கண் திறந்தவள் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "மீனு... பூனை இஸ்துகினு பூடப் போவுது."

ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

கேட்டில் எப்படிக் கரண்ட்? அங்கே இருப்பது மேலே ஒரு விளக்குதான். பித்தளையில் செய்த கப்பல் விளக்கு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர் என் வீட்டுக்காரர். பழைய சாமான் கடையில் ஆசையாக வாங்கி, கேட்டுக்கு மேலே வளைத்த இரும்புப் பைப்பில் மாட்டினார். ஒயரும் அவரே இழுத்தார். "கடல்லயே கெடந்த லைட்டுமே, இந்த மழைக்கா பயப்படப் போவுது?" என்றார்.

இந்த மழைக்கு அது தகராறு செய்தது உண்மை. அணைத்த பிறகும் சுருள் பல்பு மினுக் மினுக்கென்றது. "புது பல்பு, அப்டித்தான்" என்றார். ஆனால் செவ்வாய்க்கிழமை பட்டப்பகல். சுவிட்ச் ஆஃப். பிறகு எப்படி?

டோல்கேட்டிலிருந்து எலெக்ட்ரீஷியன் பாஷா வந்தார். மெயினைப் போட்டு, சுவிட்சை அணைத்தபடியே விட்டு, டெஸ்டரைக் கேட்டில் வைத்தார். சிவப்பாக எரிந்தது.

"நைனா, கரண்டு வர்ற ஒயரை வுட்டுட்டு, திரும்பிப் போற ஒயர்ல சுச்சு வச்சிகீது. ஆஃப் பண்ணா லைட்டு தான் நிக்கும். கரண்டு மேலயே குந்திகினு கீது. ரப்பர் போயி, தண்ணி எறங்கி, ஒயரு தோலு உரிஞ்சி பித்தளையில படுது. பித்தளைலேர்ந்து பைப்பு, பைப்புலேர்ந்து கேட்டு. எர்த்தும் இல்ல. எந்தக் கஸ்மாலம் நைனா இந்த வேலைய பாத்தது?"

என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அதற்காக அல்ல. பத்து நாளாக அந்தக் கேட்டைத் தொட்டாலே என் விரல் சுருக்கென்றது! சர்க்கரை வியாதி வந்துவிட்டதென்று நினைத்தேன். ரகசியமாகக் காபியில் சர்க்கரையை நிறுத்தினேன், வெந்தயம் மென்றேன். யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம்.

அன்று சாயங்காலம் மெல்லச் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தார். "எனக்குந்தாமே. வாதம்னு நென்ச்சிகினேன். குடைக்காம்பாலதான் தொறப்பேன்."

போஸ்ட்மேன் ஒரு வாரமாகக் கடிதத்தைச் சுவருக்கு மேலே ஏன் வீசினார் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

வியாழக்கிழமை கொருக்குப்பேட்டைக்குப் போய்த் தனத்தைப் பார்த்தேன். கையில் கட்டு. "போன வாரமே சுருக்குன்னுச்சு யக்கா. ஐஸ்ல கை வச்சி வச்சி மரத்துப் போச்சுன்னு இருந்துட்டேன்."

நான்கு பேர், ஒரே கேட். போஸ்ட்மேன் ஒதுங்கிக்கொண்டார், நாங்கள் மூவரும் அவரவர் உடம்பின் மேல் பழியைப் போட்டு வாயை மூடிக்கொண்டோம். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கையில் கட்டு ஏன்?

பாஷா புது ஒயர் இழுத்து, சுவிட்சை மாற்றி, எர்த் போட்டார். விளக்கு இப்போது சுவரில், பிளாஸ்டிக் கூட்டுக்குள்.

நேற்று தனம் வந்தாள். தெருவிலேயே நின்றாள். கேட்டையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். நான் போய் உள்ளங்கை முழுக்கக் கேட்டில் பதித்து நின்றேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் புட்ச்சினு இரு யக்கா" என்றாள்.

பிடித்துக்கொண்டே நின்றேன். அவளாகவே உள்ளே வரும்வரை.

உங்களுக்குச் சுருக்கென்றால் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்... கோளாறு உங்கள் உடம்பில்தான் இருக்க வேண்டுமென்று இல்லை!